எங்கள் நெல்லுக்கு 1986-ஆம் ஆண்டு விலையா?

உலக வர்த்தக அமைப்பின் வேளாண் குழுவில் அமர்ந்து பேசும் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். காவிரி டெல்டாவில் நெல் விளைவிக்கும் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் வேளாண் ஒப்பந்தத்தில் குறை சொல்ல எவ்வளவோ உண்டு. நான் கேட்க வந்தது அதன் மூன்றாவது இணைப்பைப் பற்றி.

அரசு ஒரு விலையை அறிவித்துத் தானியம் வாங்கினால் அதில் மானியம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க அந்த இணைப்பு ஒரு கணக்குச் சொல்கிறது. அறிவித்த விலையிலிருந்து 1986 முதல் 1988 வரை இருந்த உலகச் சந்தை விலையைக் கழிக்க வேண்டும். மிச்சத்தை, அந்த விலையைப் பெறத் தகுதியுள்ள விளைச்சல் அளவால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை பயிரின் மொத்த மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டினால், இந்தியா போன்ற வளரும் நாடு விதியை மீறியதாகிவிடும். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1995-இல்; அன்றைக்கே அந்த விலை பழையது. இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அரிசிக்கு இந்தியாவின் கணக்கில் உள்ள அந்தப் பழைய விலை டன்னுக்கு சுமார் 262 டாலர். அன்றைய ரூபாய் மதிப்பில் கிலோ மூன்றரை ரூபாய். 2025-26 பருவத்தில் மத்திய அரசு சாதாரண ரக நெல்லுக்கு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அரைத்து அரிசியாக்கிப் பார்த்தால் கிலோ 35 ரூபாய்க்கு மேல் அடங்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தொகை முழுவதும் எங்களுக்குக் கிடைத்த சலுகை என்கிறது உங்கள் கணக்கு. டீசல், உரம், நடவுக்கூலி, அறுவடை இயந்திர வாடகை எல்லாவற்றையும் நாங்கள் இன்றைய விலையில்தான் கொடுக்கிறோம்.

அந்தச் சலுகை கைக்கு வரும் இடத்தையும் சொல்கிறேன். அறுவடை முடிந்த நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டி, வரிசைக்குக் காத்திருப்போம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் குவியலைத் தார்ப்பாயால் மூடி, இரவில் அதன் பக்கத்திலேயே படுக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால், உலர்த்திக் கொண்டுவரச் சொல்வார்கள். வெயிலே இல்லாத நாளில் எங்கே உலர்த்துவது? அதையும் கடந்து தூற்றி, 40 கிலோ சிப்பமாகப் பிடித்து, எடை போட்ட பிறகுதான் பணம். சிப்பத்துக்கு இவ்வளவு என்று அங்கே கேட்கப்படும் கைக்காசு எந்த நாட்டு அறிக்கையிலும் ஏறாது. அது எங்கள் ஊர்ச் சண்டை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உங்கள் கணக்கு எவ்வளவு வளையக்கூடியது என்பதற்கு 2018-இல் நடந்ததே போதும். 2010-11 முதல் 2013-14 வரை நெல்லுக்கான ஆதரவு பயிர் மதிப்பில் 5.45 முதல் 7.68 சதவீதம் வரை என்றது இந்தியா. இல்லை, 74 முதல் 84 சதவீதம் வரை என்றது அமெரிக்கா. அதே நெல், அதே ஆண்டுகள், அதே இணைப்பு. இந்தியா டாலரில் போட்டது, அரசு வாங்கிய நெல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. அமெரிக்கா ரூபாயில் போட்டது, வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்ட நெல் உட்பட மொத்த விளைச்சலையும் சேர்த்துக்கொண்டது. ஏறத்தாழ பத்து மடங்கு வித்தியாசம் வரும் ஒன்றை அளவுகோல் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அதே அமெரிக்கா, சீனாவுடன் நடத்திய வரிச் சண்டையில் அடிபட்ட தன் விவசாயிகளுக்கு 2018-இல் 1,200 கோடி டாலர், மறு ஆண்டு 1,600 கோடி டாலர் உதவி அறிவித்தது. சந்தையைக் குலைக்கும் மானியத்துக்கே ஆண்டுக்கு 1,910 கோடி டாலர் வரை அந்த நாட்டுக்கு அனுமதி உண்டு. 1995-க்கு முன் அள்ளிக் கொடுத்தவர்களுக்கு வரம்பும் பெரியது. கொடுக்க வழியில்லாமல் இருந்தவர்களுக்கு 10 சதவீதம்.

2013-இல் பாலி மாநாட்டில் ஒரு சமாதானப் பிரிவு தந்தீர்கள். நிரந்தரத் தீர்வு வரும்வரை, உணவு இருப்புக்காக வாங்கும்போது வரம்பு தாண்டினாலும் வழக்குப் போடமாட்டோம் என்றீர்கள். 2018-19 பருவ நெல்லுக்காக அதை முதன்முதலில் பயன்படுத்திய நாடு இந்தியா. ஆனால் அது அன்று நடைமுறையில் இருந்த திட்டங்களுக்கு மட்டுமே. நாளைக்கு ஓர் ஆப்பிரிக்க நாடு தன் விவசாயியிடம் சோளம் வாங்கி ஏழைகளுக்குக் கொடுக்கலாம் என்று புதிதாகத் தொடங்கினால், இந்தப் பிரிவு அதைக் காப்பாற்றாது. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது. எங்களுக்காவது ரேஷன் கடை ஏற்கெனவே இருந்தது.

தாய்லாந்து போன்ற நாடுகளின் புகாரையும் ஒதுக்கவில்லை. உலக அரிசி வணிகத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவுடையது. அரசுக் கிடங்கு அரிசி வெளிச் சந்தைக்குக் கசிந்தால் அங்குள்ள விவசாயிக்கு விலை விழும் என்பது நியாயமான பயம். கசிவைக் கண்காணிக்க விதி எழுதுங்கள், இந்தியா கணக்குக் காட்டட்டும். அதற்காகக் கொள்முதலையே குற்றமாக்காதீர்கள்.

அளவுமீறிய பணவீக்கத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று உங்கள் ஒப்பந்தத்தின் 18-ஆவது பிரிவே சொல்கிறது. 2017-க்குள் முடிப்பதாகச் சொன்ன நிரந்தரத் தீர்வு 2024-இல் அபுதாபி மாநாட்டிலும் வரவில்லை. 1986-88 விலையை எடுத்துவிட்டு, அண்மை ஆண்டுகளின் சராசரியை வைக்கும் திருத்தத்தை எழுதுங்கள். அரசு உண்மையில் வாங்கிய அளவை மட்டும் கணக்கில் எடுங்கள். பாலியில் தந்த பாதுகாப்பைப் புதிய திட்டங்களுக்கும் திறந்துவிடுங்கள். எதிர்க்கும் நாடு எது, என்ன காரணத்துக்காக எதிர்க்கிறது என்பதைப் பெயரோடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
காவிரி டெல்டாவிலிருந்து ஒரு நெல் விவசாயி