இந்தத் தடைக்காலத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அதே சமயத்தில்தான் ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடமும் மூடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அப்பாவும் பிள்ளையும் இத்தனை நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருப்பது வருஷத்தில் இந்த ஒரு தடவைதான். மற்ற நாளில் காலையில் கடலுக்குப் போக அனுமதிச் சீட்டான டோக்கன் வாங்கிப் படகேறினால் மறுநாள் காலையில்தான் கரை. வந்து மீனை இறக்கி, கணக்குப் பார்த்து, படுத்து எழுந்திருக்கும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ட்யூஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான் உங்கள் பத்திரிகை வழியாகப் பெற்றோர்களிடம் பேச நினைக்கிறேன். பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை, மூக்கையூர் என்று எந்தக் கரைக்குப் போனாலும் "எங்க பிள்ளை புத்தகத்தையே தொட மாட்டேங்குது" என்று சொல்லாத வீடு இல்லை. கேட்பது ஒன்றே ஒன்று. தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம், அப்பாவோ அம்மாவோ ஒரு கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். முடிந்தால் அப்பா. பெரும்பாலான வீடுகளில் நோட்டைப் பார்ப்பது, டைரியில் கையெழுத்துப் போடுவது எல்லாம் அம்மாதான், பள்ளிக்கூடத்தில் டீச்சர், ட்யூஷனில் அக்கா. ஆம்பளைக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று எங்கள் கரையில் வளர்கிற பையன் முடிவு கட்டினால் அதில் அவன் தப்பு என்ன இருக்கிறது? அவன் அப்பா கையில் புத்தகத்தைப் பார்த்ததே இல்லையே.

எதற்காகச் சத்தமாக வாசிக்க வேண்டும், பிள்ளையே எழுத்துக் கூட்டிப் படிக்காதா என்று கேட்பார்கள். நாம் வீட்டில் பேசுகிற தமிழும் புத்தகத்தில் அச்சடித்திருக்கிற தமிழும் ஒன்று இல்லை. "போயிட்டாங்க" என்று கேட்டே வளர்ந்த பிள்ளை, முதல்முறையாக "சென்றுவிட்டனர்" என்பதை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்து முடிக்கும்போது, வாசித்தது என்னவென்றே அதற்குப் பிடிபடாது. எழுத்தும் புதுசு, பேச்சும் புதுசு என்று இரண்டு பாரத்தையும் ஒரே நேரத்தில் அது தலையில் ஏற்றிவிடுகிறோம். அதே "சென்றுவிட்டனர்" ஒரு கதைக்குள்ளே அப்பா குரலில் பலமுறை காதில் விழுந்திருந்தால் எழுத்தில் பார்க்கும்போது தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி இருக்கும். தானாகப் படிக்க முடிகிற கதையைவிட எவ்வளவோ பெரிய கதையைப் பிள்ளைகள் காதால் கேட்டுப் புரிந்துகொள்வார்கள். அந்த ருசி முதலில் ஏறட்டும், எழுத்து பின்னால் வரும்.

அப்புறம் இன்னொன்று. எட்டாம் வகுப்போடு படகுக்குப் போன அப்பா திக்கித் திக்கி வாசித்தாலும் பிள்ளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. அப்பா தன் பக்கத்தில் உட்கார்ந்து தனக்காகச் சிரமப்பட்டு வாசிக்கிறார் என்பதுதான் அதற்குப் பெரிது. தயவுசெய்து வெட்கப்படாதீர்கள்.

புத்தகம் இல்லை என்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். போன தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றி மராமத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் சின்ன மகன் அவன் அப்பா கூடவே தினமும் போய் நின்றான். பெயிண்டர் ஒருவர் ஒரு படகின் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், பழைய பெயரைச் சுரண்டிவிட்டு "ஆரோக்கிய மாதா" என்று புதுசாக எழுதினார். முதலில் சாக்பீஸில் கோடு, அதன் மேல் சிவப்பு பெயிண்ட். இவன் ஒவ்வொரு எழுத்தும் முளைக்க முளைக்கக் கத்திச் சொல்லிக்கொண்டு நிற்கிறான். "ஆ... ரோ..." என்று இரட்டைக் கொம்பும் காலும் போடும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து சொல்கிறான். எழுதி முடித்து அவர் பிரஷ்ஷைத் துடைக்கப் போகும்போது, "அண்ணே, க்-குக்குப் புள்ளி வைக்கல!" என்று ஒரு சத்தம். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, பிரஷ்ஷை மறுபடி டப்பாவில் தோய்த்து, "இந்தா, நீயே வை" என்று அவனைத் தூக்கிப் பிடித்தார். புள்ளி கொஞ்சம் பெரிதாகத்தான் விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரிசையில் நின்ற அத்தனை படகின் பெயரையும் வாசித்த பிறகுதான் வீட்டுக்கு வந்தான். வகுப்பில் பாடப்புத்தகத்தை விரித்து வாசிக்கச் சொன்னால் வாயைத் திறக்காதவன் அவன். தெருவில் கடை போர்டு, பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர், ஐஸ் கம்பெனிச் சுவர், கோயில் நோட்டீஸ் என்று எல்லாமே வாசிப்புத்தான். நடந்து போகும்போது "அது என்ன எழுதியிருக்கு, கண்ணுக்குத் தெரியல, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டால் போதும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களையும் ஒதுக்க வேண்டாம். கடல் உயிர்களின் படம் போட்ட புத்தகம் ஒன்றை என் மகள் வாங்கி வந்தபோது அவளைவிட அதிக நேரம் வைத்திருந்தது அவள் தாத்தாதான். கடல்பசு படம் வந்ததும், அது கடல்கோரையை மேய்ந்துவிட்டு மூச்சு வாங்க மேலே வருவதையும், குட்டி தாயை ஒட்டிக்கொண்டே நீந்துவதையும், அந்தக் காலத்தில் தான் பார்த்தபடி சொன்னார். பாக் விரிகுடாவில் கடல்பசுவுக்காக நாட்டிலேயே முதல் பாதுகாப்பகத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்திருக்கிறது என்று அவள் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினாள். அவருக்கு அது புதுச் செய்தி. அவர் சொன்னது அவளுக்குப் புதுச் செய்தி. இப்போது தாத்தா சொல்கிற கதைகளுக்கு என்று அவள் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறாள், 1964 புயலில் தனுஷ்கோடி போன கதை அதில் பாதியில் நிற்கிறது, தாத்தா அதை ஒரே மூச்சில் சொல்ல மாட்டேன் என்கிறார்.

வாசித்துக் காட்டும்போது ஒன்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். கதை முடிந்ததும் "என்ன புரிஞ்சுது, சொல்லு" என்று கேள்வி கேட்பது. அந்த இடத்திலேயே கதை பரீட்சையாகிவிடும், நாளைக்குப் பிள்ளை பக்கத்தில் வந்து உட்காராது. ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் திரும்பத் திரும்பவே வாசியுங்கள். படக்கதை வேண்டும் என்றால் படக்கதை. பாதியில் பிடிக்கவில்லை என்று மூடி வைத்தால் மூடி வைக்கட்டும், நாமும்தான் பிடிக்காத சீரியலை மாற்றிவிடுகிறோம். எதிர்வீட்டுப் பிள்ளை எத்தனை புத்தகம் முடித்தது என்கிற பேச்சு மட்டும் வீட்டுக்குள் வரவே கூடாது.

எல்லா அப்பாவும் தடைக்காலத்தில் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பது தெரியும். நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது. ஆனால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கிற நாளில் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், அவர்களும் வலையை வைத்துவிட்டுச் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த நாள் போதும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்தில் எத்தனையோ அப்பாக்கள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. ஒரு கதையை வாசித்து வாய்ஸ் மெசேஜில் அனுப்பினால் பிள்ளை அதைப் புத்தகத்தோடு வைத்துப் பத்துத் தடவை கேட்கும். போன் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஓயாமல் பேசுகிறோம், சரிதான், ஆனால் அதே போனில் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் காசில்லாமல் கிடைக்கின்றன. அம்மா கையில் போன், மடியில் பிள்ளை என்று இருந்தால் அதுவும் புத்தகம்தான்.

அப்துல் கலாமைச் சொல்லாமல் எங்கள் ராமேஸ்வரம் தீவில் யாரும் பிள்ளைக்குப் புத்தி சொல்வதில்லை. "கலாம் மாதிரி வரணும்" என்பதோடு நிறுத்திவிடுகிறோம், அவர் என்ன கிடைத்து வளர்ந்தார் என்பதை விட்டுவிடுகிறோம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளை எடுக்க அவருடைய உறவினர் சம்சுதீனுக்குத் துணையாகப் போன கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதை வருகிற அவருடைய சுயசரிதையில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் பெரிய நூலகம் வைத்திருந்தவர். கிடைத்ததையெல்லாம் படி என்று ஊக்கம் கொடுத்தார், சிறுவன் கலாம் அவர் வீட்டுக்கு அடிக்கடி போய்ப் புத்தகம் வாங்கி வந்து படித்தார். இப்போது எங்கள் ஊர்களில் எந்தத் தெருவில் ஒரு பிள்ளை கூச்சமில்லாமல் ஒரு வீட்டுக்குள் போய்ப் புத்தகம் கேட்க முடியும்? வாத்தியார், நர்ஸ், பேங்க்கில் வேலை பார்ப்பவர் என்று தெருவுக்கு ஒருவர் தங்கள் வீட்டுத் திண்ணையில் இருபது புத்தகம் வைத்தாலே பெரிய காரியம்.

நூலகத்துக்கு வருகிறேன். நாம் கட்டுகிற வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருகிற ஏற்பாடு இது, சுதந்திர இந்தியாவில் அப்படிப்பட்ட முதல் சட்டம் நம்முடையது, அதற்காகப் பாடுபட்டவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன். ஓலைக் குடிசைக்கு வரி கட்டுகிறவர் காசும் அதில் இருக்கிறது. அதனால் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. தடைக்காலம் முழுக்க, கடலோர ஊர்களுக்கு ஊருக்கொரு பெட்டி சிறுவர் புத்தகங்களை மாவட்ட நூலகத்திலிருந்து அனுப்பி வையுங்கள். மீன் ஏலக்கூடத்திலோ சர்ச் ஹாலிலோ ஜமாஅத் மண்டபத்திலோ வைக்கலாம், அந்த இரண்டு மாதம் ஏலக்கூடம் பாதி நேரம் காலியாகத்தான் கிடக்கிறது. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு திறந்தால் போதும்.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்து அரசு கொடுத்த சின்னச் சின்னப் புத்தகங்கள் அவ்வளவு நன்றாக இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அவை பீரோவில் பூட்டி இருந்தன. கிழிந்தால், தொலைந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்று பயம். அந்தப் பயத்தை ஆசிரியர்களிடமிருந்து எடுத்துவிட வேண்டியது மேலே இருக்கிற அதிகாரிகள். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதைத்தான் ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கென்று எழுதிய தன் ஐந்து விதிகளில் முதல் விதியாக வைத்தார். கிழிந்த புத்தகம் வாசிக்கப்பட்ட புத்தகம் என்று கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். விடுமுறைக்கு ஒவ்வொரு பிள்ளை பையிலும் இரண்டு புத்தகம் போட்டு அனுப்பினால், தெருவுக்குள்ளேயே மாற்றி மாற்றிப் படித்துவிடுவார்கள்.

கடைசியாக உங்களிடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, வாரம் ஒரு நாள், சத்தமாக வாசிப்பதற்கென்றே ஒரு கதை போடுங்கள். ராஜா ராணி கதை நிறைய வருகிறது. எங்கள் கடலை, குருசடைத் தீவை, கடல்பாசி எடுக்கப் போகிற அம்மாவை, பாம்பன் பாலத்தில் ரயிலுக்குக் கையாட்டுகிற பிள்ளையை வைத்து யாராவது எழுதினால் அதையும் போடுங்கள். கதை ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வாசிக்கப் போகிற அப்பாக்களில் நிறையப் பேர் பள்ளிக்கூடத்தை விட்டு நாளாயிற்று, கண்ணாடி போட வேண்டியவர்கள் போடாமல் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
தங்கச்சிமடம்,
ராமநாதபுரம் மாவட்டம்.