மச்சானுக்கு, சவுதிக்கு ஏற முந்தி

மச்சான்,

வாட்ஸ்அப்பிலதான் எழுதத் தொடங்கின, நீண்டு போயிட்டு. வொய்ஸ் போட்டா அக்கா பக்கத்தில நிண்டு கேப்பா. இஞ்சயும் அவ வாசிப்பாதான், ஊர்ச்சனமும் வாசிக்கும், அதால சில விசயத்த தொட்டிட்டு விட்டிருவன், உங்களுக்கு விளங்கும். ஆனா மூணு வருசத்துக்கு முதல் கட்டார் உலகக்கிண்ணத்தப் பத்தி நான் போட்ட போஸ்டும் ஊரே பாக்கத்தானே எழுதின. அப்ப இதையும் ஊர் பாக்கத்தான் எழுதோணும்.

போன கிழம நீங்க சவுதிக்கு வேலைக்குப் போற விசயம் சொல்லக்க நான் ஒண்டும் சொல்லாம, "நான் இனி மெச் பாக்கிறல்ல மச்சான், எல்லாத்தையும் விட்டுட்டன்" எண்டு சொன்ன. நீங்க சிரிச்சீங்க. "2026 புட்போல் உலகக்கிண்ணத்துக்கு புது டீவி ஒண்டு எடுப்பம், அப்ப பாப்பம் நீ பாக்கிறயா இல்லையா எண்டு" எண்டீங்க. நான் பகிடிக்குச் சொல்லல்ல.

கோவத்தில விட்டதும் இல்ல. மெல்ல மெல்லப் போயிட்டு. 2008ல நடுச்சாமம் பன்னெண்டேகாலுக்கு அப்பாவுக்குத் தெரியாம என்ன எழுப்பி, டீவிச் சத்தத்த ஒண்டில வச்சு, மொஸ்கோவில மான்செஸ்டர் யுனைட்டட்டோட நடந்த பைனல்ல செல்சி டெரி வழுக்கி விழுந்த பெனால்டிய பாத்தமே, அப்ப கத்தேலாம நான் தலையணிய கடிச்ச. அந்தப் பயித்தியம் இப்ப இல்ல. இப்ப ஸ்கோர போன்ல பாக்கன், யுனைட்டட் தோத்தா ஒண்டும் செய்யுதில்ல, வெண்டா அதவிட ஒண்டும் செய்யுதில்ல. கோல் அடிச்சா ஆரும் உடன கத்துறதில்ல, விஏஆர் எண்டு வீடியோவில திருப்பிப் பாக்கோணும், கோடு கீறோணும், தோள்மூட்டு வெளிய நிண்டதா எண்டு அளக்கோணும். சந்தோசப்படவும் அனுமதி எடுக்கோணும்.

நீங்க ஒரு நாள் கேட்டீங்க, யுனைட்டட் முதலாளி கிளேசர்ர கடன் எண்டா என்னடா, அவனுகள்தானே காசுக்காரன் எண்டு. அப்ப நான் இங்கிலிஸ் பேப்பர் வாசிச்ச மாதிரி விளக்கம் சொன்ன, உங்களுக்கு ஏறல்ல. இப்ப சொல்றன். 2005ல ஏறக்குறைய 790 மில்லியன் பவுணுக்கு கிளப்ப வாங்கினானுகள், அதில பெரும்பங்கு கடன், அந்தக் கடன கிளப்புர தலையிலயே கட்டிட்டானுகள். ஒரு வீட்ட வாங்கிறதுக்கு அந்த வீட்டையே ஈடு வச்சு காசு எடுத்து, வட்டிய அந்த வீட்டில இரிக்கிறவன்ட்ட வாங்கிற மாதிரி. மைதானத்துக்கு பச்சையும் மஞ்சளும் மப்ளர் கட்டி வந்து கத்தினாங்க ஆக்கள், அது கிளப்புர பழைய நியூட்டன் ஹீத் காலத்து நிறம். கொஞ்சப்பேர் 2005லயே பிரிஞ்சு போய் எப்சி யுனைட்டட் எண்டு தங்கட கிளப் தொடங்கினாங்க. கிளேசர் இருந்த இடத்திலதான் இருந்தான். 2024ல ரட்கிளிப் எண்ட இங்கிலிஸ் பணக்காரன் வந்து பங்கு வாங்கினான், சரி மாறும் எண்டா, சீசன் நடுவில மிச்ச டிக்கட்ட 66 பவுண் ஆக்கினாங்க, சின்னப்புள்ளைக்கும் 66, கிழவனுக்கும் 66.

நாங்களும் அக்காட வளவு உறுதிய ஈடு வச்சுத்தான் உங்கள கட்டாருக்கு அனுப்பின. அதில ஏஜென்சிக்காரன் செஞ்ச விசயம் இஞ்ச வேணாம். ஆனா அந்த ஈட்ட மீட்டது நீங்க, வெயிலுக்க நிண்டு, ரெண்டரை வருசத்தில. கிளேசர்ர கடன 20 வருசமா ஆர் கட்டுறான் எண்டு பாருங்க.

சரி, அந்த நாளுக்கு வாறன். அத எழுதத்தான் இவ்வளவு சுத்தின.

2022 நவம்பர் 28, திங்கள். கட்டார் உலகக்கிண்ணம், பிரேசிலும் சுவிசும். அப்பாட முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடிஞ்சு மூணாம் நாள். வீட்ட பந்தல் கழட்டின கம்பு இன்னும் வேலியோட சாஞ்சு கிடக்கு, அப்பாட படத்துக்கு முன்னால விளக்கு, அம்மா அறைக்குள்ள. நான் டீவிய போட்டா ஆக்கள் என்ன சொல்லும் எண்டு யோசிச்சிட்டு, மறுகா அப்பா பிரேசில் ஆள்தானே எண்டு போட்ட. அந்த வருசம் கரண்ட் வெட்டின காலம், ராவைக்கு எப்ப போகும் எப்ப வரும் எண்டு மணிய பாத்திட்டிரிக்கிற காலம், அண்டைக்கு வந்து கொஞ்ச நேரம்.

நீங்க வீடியோ கோல். கட்டாரில 974 எண்ட மைதானத்துக்குள்ள இருந்து. கப்பல் கொண்டெய்னர அடுக்கிக் கட்டினதடா, திருகாணிய கழட்டி பெட்டிய இறக்கினா மைதானமே இல்ல எண்டு போன திருப்பித் திருப்பிக் காட்டினீங்க. சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி, அதில நம்பர் எழுதியிரிந்திச்சு. டிக்கட் 40 ரியால், அங்க இரிக்கிற ஆக்களுக்கெண்டு போட்ட விலை. குறைஞ்ச சம்பளம் 1000 ரியால் எண்ட சட்டம் 2021லதான் நடைமுறைக்கு வந்த நாடு, மாசம் 26 நாள் வேலை எண்டு பிரிச்சுப் பாத்தா அந்த 40 ஒரு நாள் கூலிக்கு மேல. உங்களுக்கு அதவிடக் கொஞ்சம் கூடத்தான், தெரியும். ஆனாலும் நான் பிரிச்சுப் பாத்தன்.

நெய்மர் இல்ல, கால்ல காயம். அவன 2017ல 222 மில்லியன் யூரோ குடுத்து பாரிஸ் கிளப்புக்கு எடுத்ததும் உங்கட கட்டார்க் காசுதான் எண்டு நான் நக்கலடிக்க, "எங்கட காசு இல்லடா, அவங்கட காசு" எண்டீங்க.

மறுகா இடைவேளைக்கு ஒரு நிமிசம் இரிக்கக்க மைதானத்தில லைட் எல்லாம் போயிட்டு. உலகமே பாத்த. எனக்கு இஞ்ச கரண்ட் இரிக்கி, மின்விசிறி சுத்துது, அங்க இருட்டு. நான் விழுந்து விழுந்து சிரிச்ச, "மச்சான் எங்கட மின்சார சபை அங்கயும் வந்திட்டா" எண்டு கேட்ட. போன்ல உங்கட முகம் தெரியல்ல, சனத்துர ஊ எண்ட சத்தம் மட்டும். அந்த இருட்டுக்குள்ளதான் நீங்க சொன்ன, "மாமாட்ட வரேலாமப் போயிட்டுடா."

நாலஞ்சு செக்கன்தான் இரிக்கும். லைட் வந்திட்டு. சனம் கை தட்டுது, நீங்களும் தட்டுறீங்க, சிரிச்ச முகம்.

எனக்கு கேட்டது மச்சான். கேக்காத மாதிரி இருந்தன். "என்ன, சத்தம் விளங்கல்ல" எண்டு கூடச் சொல்லல்ல, நேரா வினீசியஸ்ர கதைக்குப் போயிட்டன். மறுகா அவன் கோல் அடிக்க, உங்கட கத்தல் எனக்கு போன்ல முந்தி வந்து டீவியில பந்து பிந்திப் போச்சு, நானும் கத்தினன், அம்மா அறைக்குள்ள இருந்து என்னடா எண்டு கேட்டா, அங்கால பாத்தா விஏஆர், ஓப்சைட், கோல் இல்ல. 83ல கஸமிரோ அடிச்ச மற்றத நான் மெல்லமாத்தான் பாத்தன்.

ஏன் பதில் சொல்லல்ல எண்டு இப்பயும் நினைக்கன். கோவம்தான். அப்பா செத்ததுக்கும் வரல்ல, முப்பத்தொண்டுக்கும் வரல்ல. லீவு தரல்ல, உலகக்கிண்ணம் முடியும் வரைக்கும் ஆரையும் விடுறல்ல எண்டு கம்பனியில சொன்னதாம். நம்பினன், இப்பயும் நம்புறன். ஆனா வீட்டில மகன் எண்டு கொள்ளிச்சட்டி பிடிக்க நான் இரிந்த, மற்ற வேலைக்கெல்லாம் நீங்க இரிக்க வேண்டிய இடம். சாமான் வாங்க, பந்தல் போட, வந்த ஆக்களுக்கு பதில் சொல்ல, எல்லாம் நான் தனிய ஓடினன். மருமகன் எங்க மருமகன் எங்க எண்டு கேக்காத ஆள் இல்ல. மூணாம் நாள் நீங்க கொண்டெய்னர் காட்டுறீங்க. பின்னேரம் ஓய்வு கிடைச்ச உங்களுக்கு, பந்துக்கு. இத எழுதக்க எனக்கே வெக்கமா இரிக்கி, ஒரு நாள் கூலிக்கு ஒரு மெச் பாத்த மனிசன கணக்குக் கேக்கிறன் எண்டு. ஆனா கேட்டன், மனசுக்குள்ள, மூணு வருசமா.

அதான் டிசம்பர் 18 ராவு அந்தப் போஸ்ட். ஆர்ஜென்டினா பெனால்டியில வெண்டு, மெஸ்ஸிக்கு அரபுக்காரங்கட கறுப்புப் போர்வைய போட்டு கப்ப குடுக்கக்க நான் "ரத்தத்தில கட்டின மைதானம், பாக்கிறவன் கையிலயும் ரத்தம்" எண்டு எழுதி விட்டன். 6500 சாவு எண்டு நம்பரும் போட்ட. அது கார்டியன் பேப்பர் 2021ல அஞ்சு நாட்டு ஆக்கள்ர கணக்கு எடுத்து எழுதினது, பத்து வருசத்தில கட்டாரில நடந்த எல்லாச் சாவும் சேத்து, எல்லாரும் மைதான வேலையில செத்த எண்டு அதில இல்ல. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் அப்பிடி எழுதின, அப்பிடி எழுதினாத்தானே சூடா இரிக்கும். வெயிலுக்க நிண்டு செத்ததும், சம்பளம் குடுக்காமக் கிடந்ததும் உண்மைதான், அதில ஒரு சொல்லையும் நான் மாத்தல்ல. ஆனா அண்டைக்கு நான் அந்த ஆக்களுக்காக எழுதல்ல மச்சான். உங்களுக்கு உறைக்கோணும் எண்டு எழுதின. நான் தட்டின லெப்டொப் நீங்க அனுப்பின காசில வாங்கின.

நீங்க லைக் போட்டீங்க. அவ்வளவுதான். அடுத்த மாசக் காசும் நாள் தவறாம வந்த. ஒரு மாசம் கழிச்சு வேறென்னவோ கதைச்சிட்டு இரிக்கக்க, "நான் உயிரோடதானடா இரிக்கன்" எண்டீங்க. அதுக்கும் நான் பதில் சொல்லல்ல.

நீங்க மைதானம் கட்டினதும் இல்ல. லுசைல் பக்கம் ரோட்டுக்கரைக்கு கல்லுப் பதிச்ச. அத நான் எழுதியிருக்கலாம். எழுதல்ல.

இப்ப சவுதி. 2034 உலகக்கிண்ணம் அவங்களுக்குத்தான் எண்டு 2024 டிசம்பர் 11 கைதட்டி முடிச்சாங்க, போட்டிக்கு வேற நாடே இல்ல. மைதானம் கட்டோணும், ரோட்டுப் போடோணும், ஒம்பது வருச வேலை இரிக்கடா எண்டு நீங்க சந்தோசமாச் சொன்ன. அதுக்கு முதல் 2026, மூணு நாடு, 48 டீம், 104 மெச், டிக்கட் விலை பிளேன் டிக்கட் மாதிரி ஆள் கூடக் கூட ஏறுமாம். 2025 டிசம்பரில குலுக்கல் நடந்த மேடையிலயே டிரம்புக்கு சமாதானப் பரிசும் குடுத்தாங்க. சமாதானம் எண்ட சொல்லப் பத்தி மட்டக்களப்பில இருந்து நான் எழுதினா நீளும், அதில கொஞ்சம் கவனமாவும் இரிக்கோணும், விடுறன்.

எனக்கு அந்த ஆட்டம் வேணாம். வேணாம் எண்டு சொல்ல எனக்கு ஏலுது, ஏனெண்டா எனக்கு மாசச் சம்பளம் இரிக்கி, கல்லடியில கூரை இரிக்கி, அந்தக் கூரை ஆர்ர காசு எண்டு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நீங்க வேணாம் எண்டு சொல்லேலா. இதில ஆர் சரி எண்டு என்னட்டக் கேக்காதீங்க. போகாதீங்க எண்டு சொல்ல வந்த, அத அக்காவே சொல்லல்ல, நான் ஆர் சொல்ல. ஆனா நாப்பத்தியாறு வயசு மச்சான், முழங்கால் ஏலாது எண்டு நீங்கதான் சொன்ன. மெடிக்கல்ல என்ன சொல்லிப் பாஸ் ஆன எண்டு இஞ்ச கேக்கல்ல.

டீவி வாங்காதீங்க. வாங்கினா அக்கா நாடகம் பாப்பா, அதுக்கெண்டா வாங்குங்க.

அண்டைக்கு இருட்டுக்க நீங்க சொன்னதுக்கு மூணு வருசம் பிந்திச் சொல்றன், கேட்டது. அப்பா கடைசிக் கிழம உங்களத்தான் கேட்டவர், என்ன இல்ல. அதுவும் எனக்குக் கோவம்தான்.

உங்கட மகன் சவுதி எண்டதும் என்ன கேட்டான் தெரியுமா, ரொனால்டோட சவுதிக் கிளப் மஞ்சள் ஜேசி. ஒரிஜினல்தான் வேணுமாம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் பேவ்மெண்டில 1500 ரூவாவுக்கு அதே ஜேசி தொங்குது, பேருல ஒரு எழுத்துப் பிழை, அவன் அத எண்ணிக் காட்டி இது வேணாம் எண்டிட்டான். ஒவ்வொரு பின்னேரமும் கடற்கரையில, நாம வள்ளத்துக் கம்பு நட்டு கோல் வச்ச அதே இடத்தில, இப்ப நாலு செருப்பு வச்சு விளையாடுறானுகள். நேத்து நானும் நிண்டன், கோலி. ஆள் காணாதாம், அதான். மணலுக்க விழுந்து இடுப்புப் பிடிச்சிட்டு.

பந்து காத்துப் போய்க் கிடக்கு. பம்ப் இரிக்கி, ஊசியக் காணல்ல. நீங்க போன முறை வரக்க எங்கயோ பத்திரமா வச்ச எண்டு அக்கா சொல்றா, மீன்தூண்டில் பெட்டியிலயும் இல்ல, சாமி அறை லாச்சியிலயும் இல்ல. ஏற முந்தி எங்க வச்ச எண்டு சொல்லிட்டுப் போங்க.