கியர் கழற்றிய சைக்கிளுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

சைக்கிள் ஓடத் தொடங்கிவிட்டது. 26 அங்குலச் சில்லு, குரோமோலி என்ற கலப்பு உருக்கில் செய்த சட்டகம், முன்னுக்கு 32 பல், பின்னுக்கு 16. கியர் ஒன்றே ஒன்றுதான். "ஊரெல்லாம் காசு குடுத்து கியர் பூட்டுது, நீ காசு குடுத்துக் கழட்டுறியா?" என்று சிரிக்காதவர் உங்களில் ஒருவருமில்லை. சிரித்துக்கொண்டே வேலையும் செய்து தந்தீர்கள். அதற்குத்தான் இந்த மடல்.

மேல்மாடி மாமா, வெள்ளவத்தையில் கடலுக்கு இவ்வளவு கிட்ட, மொட்டைமாடியில் கிடந்த சட்டகம் உக்காமல் இருந்ததே பெரிய விஷயம். மகன் ஓடிய சைக்கிள் என்று கொஞ்சம் தயங்கினீர்கள். "விக்க மாட்டாய்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தந்தீர்கள். விற்க மாட்டேன் மாமா.

டாம் வீதிக் கடை அண்ணனுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். சாதாரணக் கட்டைச் சைக்கிளில் பின்சில்லைப் பின்னுக்கு இழுத்துச் செயினை இறுக்கலாம். இந்தச் சட்டகத்திலோ அச்சு உட்காரும் வெட்டு செங்குத்து, இழுக்க வழியில்லை. செயின் தொங்கியது. அதற்கென்று விற்கும் இறுக்கியை வாங்கச் சொல்லி என்னை அலையவிடாமல், கழற்றிப்போட்ட பழைய கியர் மாற்றியையே எடுத்து, கேபிள் துண்டொன்றால் அசையாதபடி பூட்டி, செயினை இழுத்துப் பிடிக்க வைத்தீர்கள். கூலி கேட்டால் பிளேன்ரீ வாங்கித் தா என்றீர்கள். இது என்ன கணக்கு அண்ணை?

அப்புறம் பஞ்சிகாவத்தை லேத் பாஸ். ஒரு கியர் என்றால் முன்பல்லும் பின்பல்லும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் செயின் கத்தும், எழும்பி நின்று மிதித்தால் கழன்றும் போகும். ஏழு பற்சில்லு இருந்த இடத்தில் ஒன்றை வைத்து, மிச்ச இடத்தை வளையங்களால் நிரப்புவதுதான் வேலை. அலுமினியக் குழாயை வெட்டி, வேர்னியரால் திரும்பத் திரும்ப அளந்து, கடைசியில் ஒவ்வொரு வளையத்தின் விளிம்பையும் எமரிப் பேப்பரால் தேய்த்துத் தந்தார். விரல் வெட்டாமலிருக்கவாம். யாருக்கும் தெரியப்போகாத இடம் அது! அவருக்குத் தமிழ் வாசிக்க வராது, அதனால் இதை என் அரைகுறைச் சிங்களத்தில் நேரே போய்ச் சொல்வேன்.

கனடாச் சித்தி, சொக்லேற்றுக்கும் சோப்புக்கும் நடுவில் 16 பல்லுச் சில்லொன்றைக் காவிவந்ததற்கு நன்றி. "இதுக்காடா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டீர்கள். கியர் சைக்கிளின் பற்களைச் செயின் சுலபமாகத் தாவட்டும் என்றே கட்டையாகச் செய்வார்கள் சித்தி. எனக்குத் தாவாத, உயரமான பல் தேவைப்பட்டது.

அம்மாவுக்கும் சொல்ல வேண்டும். கிறீஸ் மணக்கும் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டதற்கு.

தலங்கம ஏரிப் பக்கத்து மண்பாதையில் நன்றாக ஓடுகிறது. மரைன் டிரைவில் தென்மேல் காற்றுக்கு எதிரே போனால் தொடை எரிகிறது, அதை மறைக்கவில்லை. கண்டிப் பக்கம் கொண்டுபோவதென்றால், ஏற்றத்தில் மிதிக்க இலகுவாகப் பின்னுக்கு 18 பல் மாட்டத்தான் வேண்டும். சித்தி, அடுத்த முறை எப்போது வருகிறீர்கள்?

கழற்றியதில் ஷிஃப்டர் இரண்டும், முன்கியர் மாற்றியும், ஏழு பற்சில்லும் துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கியர் பூட்டும் ஆசையுள்ள யாராவது வந்தால் சும்மாவே தருகிறேன்.

அன்புடன்,
கீழ்மாடித் தம்பி
வெள்ளவத்தை