பாப்பாவுக்கு, குறுக்கெழுத்து விஷயமாக

அன்புள்ள பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "தமிழ்க் குறுக்கெழுத்து ஒரு புதிரே இல்லைப்பா, கட்டத்துக்குள் எழுத்தைக் கலைத்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் 'குழம்பியுள்ளது' என்று எழுதிவிடுகிறார்கள், அது என்ன நியாயம்" என்றாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து, உங்கள் இங்கிலீஷில் மொத்தமே 26 எழுத்து என்று ஏதோ கத்திவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ சொன்னதில் பாதி சரி.

நேற்றைய பேப்பரையே எடுத்துக்கொள். 'அரசன் (4)' என்று ஒரு குறிப்பு. மன்னனும் நாலெழுத்து, வேந்தனும் நாலெழுத்து, காவலனும் நாலெழுத்து. சரி, குறுக்கே வருகிற சொல் காட்டிக்கொடுக்கும் என்று பார்த்தால், அது வெட்டுவது கடைசிக் கட்டத்தில், மூன்றுமே 'ன்'னில் முடிகிறது! நான் மன்னன் போட்டேன், இன்று காலை விடையில் வேந்தன். இதில் நான் தோற்றதாக எப்படிக் கணக்கு வைப்பது? அதற்குக் கீழேயே 'பறவை (3), குழம்பியுள்ளது'. முதல் கட்டத்தில் 'யி' வந்துவிட்டது, ஆனாலும் மயிலா குயிலா தெரியாது, மயில் என்றாலும் 'ம' முன்னாலா 'ல்' முன்னாலா தெரியாது, ஆக ஓர் எழுத்து கையில் வந்த பிறகும் நாலு வழி திறந்து கிடக்கிறது. நீ அங்கே ரயிலில் தீர்க்கும் இங்கிலீஷ் புதிரில் எழுத்து கலைவது குறிப்புக்குள். விடை கட்டத்தில் ஒழுங்காக வந்து உட்காரும். இங்கே விடையே கலைந்து கிடக்கிறது. இதை நீ சொன்னபோதே நான் ஒத்துக்கொண்டிருக்கலாம்.

(பேப்பருக்கு இதைப் பற்றி இரண்டு கார்டு போட்டாயிற்று. பதில் இல்லை. நேற்றைய கட்டம் இப்போது வடையின் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது, அம்மாவிடம் கேட்டால் அதற்குத்தான் அந்தப் பக்கம் லாயக்கு என்கிறாள்.)

அப்புறம் ஒரு வேலை செய்தேன். நீதான் அவ்வளவு பேசினாயே, நாமே ஒன்று போட்டுப் பார்ப்போம், கலைக்காமல், திருப்பாமல், என்று உன் பழைய கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அஞ்சுக்கு அஞ்சு கட்டம், அவ்வளவுதான். முதல் வரிசையில் 'பலகாரம்' எழுதினேன். அதிலிருந்து கீழே என்ன இறக்குவது? 'ப'வில் இறக்கலாம், 'கா'வில் இறக்கலாம். 'ல'வும் 'ர'வும் சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கணம், லட்டு, ரம்பம் மாதிரி ஏதாவது கொண்டுவந்து சமாளிக்கலாம். கடைசியில் நிற்கிற 'ம்' இருக்கிறதே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். புள்ளி வைத்த எழுத்தில் தமிழில் எந்தச் சொல்லும் ஆரம்பிக்காது. ஆனால் 'ம்'மில் முடிகிற சொல் ஆயிரம் இருக்கிறது. அப்படியானால் என்ன செய்வாய்? கீழே மரத்தை நட்டு மேலே ஏற்றுவாய். 'கீழிருந்து மேல்' என்று ஏன் ஒரு தலைப்பே வைக்கிறார்கள் என்று முப்பது வருஷமாகத் தீர்த்தும் எனக்கு உறைக்கவில்லை, ஒரு ராத்திரி போட்டுப் பார்த்ததில் உறைத்தது. இங்கிலீஷில் இரண்டு சொல் வெட்டிக்கொள்ள ஒரு 'கே' போதும். நமக்கு 'க' வேறு, 'கா' வேறு, 'கி' வேறு, 'க்' வேறு, 247 எழுத்தில் அதே எழுத்து இரண்டு சொல்லிலும் இருக்க வேண்டும். தினமும் ஒன்று போட்டாக வேண்டிய ஆள், ராத்திரி பத்து மணிக்கு ஒரு மூலை அடையாவிட்டால் 'குழம்பியுள்ளது' என்று எழுதிவிட்டுத்தான் படுப்பார். பாவம், குழம்பியது அவர்தான்.

கட்டத்தை அடைப்பது எல்லா ஊரிலும் பாடுதான் போல. 1944இல், உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்குவதற்குச் சில வாரம் முன்னால், லண்டன் டெய்லி டெலிகிராஃப் புதிரில் ஒமாஹா, ஓவர்லார்டு, மல்பெரி என்று படையெடுப்பின் ரகசியப் பெயர்களாக வந்து, போட்ட லெனார்டு டாவ் என்கிற தலைமையாசிரியரை உளவுத் துறை விசாரித்த கதை உனக்குத் தெரியும், நான்தான் நாலு தடவை சொல்லியிருப்பேனே. எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. அவர் வெறும் கட்டத்தைப் பள்ளிக்கூடப் பசங்களிடம் கொடுத்து நிரப்பச் சொல்லி, குறிப்பை மட்டும் அப்புறம் தான் எழுதிக்கொள்வாராம். பக்கத்து முகாம் சிப்பாய்களிடம் கேட்ட சொற்களைத்தான் எழுதினோம் என்று ஒரு பழைய மாணவர் ரொம்ப வருஷம் கழித்துச் சொன்னார். எனக்கு அப்படி நிரப்பிக் கொடுக்க ஆள் இல்லை. இருந்த ஒருத்தியும் லண்டனுக்குப் போய்விட்டாள்.

கட்டம் விஷயத்தில் அவர்களை மன்னித்துவிட்டேன். குறிப்பு விஷயத்தில் மாட்டேன். 'அரசன்', 'பறவை', 'பழைய நடிகை, திரும்பியிருக்கிறார்', இதெல்லாம் அகராதியைத் திருப்பி வைத்த மாதிரி. கஷ்டமாகக் கேட்கட்டும், ஏமாற்றவும் ஏமாற்றட்டும், விடை தெரிந்ததும் "அடடா, கண் முன்னாலேயே இருந்ததே" என்று நான் நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். தமிழில் அதற்கு வழியா இல்லை? 'இலங்கையில் தேதியை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றுதான் (3)', திகதி. 'திபெத்துத் துறவி திரும்பினார், பெண்ணானார் (2)', லாமா திரும்பினால் மாலா. இங்கேயும் திருப்புகிறேன், ஆனால் குறிப்புக்குள் திருப்புகிறேன், கட்டத்துக்குள் மாலா நேராகத்தான் உட்காருகிறாள். நீ சொன்ன நியாயம் இதுதானே? (உன்னையும் எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாலும் பாப்பாதான், அதை இன்றுதான் கவனித்தேன்.)

இப்போது என் கட்டத்துக்கு வா. பலகாரத்தை முதல் வரிசையிலிருந்து எடுத்து மூன்றாவது வரிசைக்கு இறக்கினேன், எல்லாம் சரியாகிவிட்டது. அதன் குறிப்பு: 'லட்டும் இதில் சேர்த்தி, பெயரில் மட்டும் நிறைய உறைப்பு (5)'. கடைசி 'ம்'மில் மேலேயிருந்து 'படம்' இறங்கி முடிகிறது: 'பாம்பும் எடுக்கும், டைரக்டரும் எடுப்பார் (3)'. முதல் 'ப'விலிருந்து கீழே 'பகடை' போகிறது, அதற்கு நான் எழுதிய குறிப்பு சுமார்தான், நீயே ஒன்று எழுது. எதுவும் குழம்பவில்லை, எதுவும் திரும்பவில்லை, நன்றாகப் பார்த்துக்கொள்.

மிச்சம் ஒன்றுதான். நடுவில் இருக்கிற 'கா'வை வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக வருகிறது, 'கா' அதற்கு மூன்றாவது எழுத்து. இதை மட்டும் நான் சொல்லப்போவதில்லை. அம்மாவிடம் கேட்காதே, அவள் காபி கொண்டுவந்து வைத்தபடியே ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டாள், கேட்டால் சொல்லிவிடுவாள்.

ஆள் உட்கார்ந்திருந்தாலும் பாதி காலி (4).

அன்புடன்,
அப்பா