அண்ணாவுக்கு, நீங்க நிறுத்தின அந்த மாத்திரை பத்தி

அண்ணா,

"மூளையே கொழுப்புதானே, கொலஸ்ட்ரால கொறைச்சா ஞாபக மறதி வரும்னு ஒரு வீடியோல பாத்தேன், அதான் மாத்திரைய விட்டுட்டேன்"னு ஃபோன்ல சாதாரணமா சொல்லிட்டீங்க. எனக்குத்தான் மனசே ஆறல. அப்போ எல்லாத்தையும் பேச முடியல, அதனால எழுதறேன், பொறுமையா படிங்க.

அந்த வீடியோல சொன்னது பாதி சரிதான். நம்ம எடையில மூளை 2 சதவீதம்தான், ஆனா உடம்புல இருக்கற கொலஸ்ட்ரால்ல கிட்டத்தட்ட 20 சதவீதம் அங்கதான் இருக்கு. சொல்லாம விட்டது என்னன்னா, அத மூளை தனக்குத் தானே தயாரிச்சுக்குது. நாம சாப்பிட்டு ரத்தத்துல ஏறுற எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்கற தடுப்ப தாண்டி உள்ள போகவே போகாது. அதனால உங்க ரத்தத்துல எல்டிஎல் 168 இருக்கறதால மூளைக்கு ஒரு சொட்டு கூட லாபம் இல்ல.

ஆனா நஷ்டம் இருக்கு, அது ரத்தக்குழாய் வழியா வருது. உடம்புக்கு வேண்டிய ஆக்சிஜன்ல அஞ்சுல ஒரு பங்கு மூளைக்கே போகுது, அத கொண்டு போற கழுத்து ரத்தக்குழாய்ல வருஷக்கணக்கா கொழுப்பு படிஞ்சா, கூடவே உங்களுக்கு இருக்கற பிபியும் சேர்ந்தா, ஸ்ட்ரோக் வரலாம். பெரிய ஸ்ட்ரோக் வந்தா நமக்கு தெரிஞ்சிடும், ஆனா சின்னச் சின்னதா வர்றது தெரியவே தெரியாது. கை கால் விழாது, வாய் கோணாது, எம்ஆர்ஐ எடுத்தா மட்டும்தான் தெரியும். வெளிய பாத்தா மனுஷன் நல்லாத்தான் இருப்பாரு, ஆனா மீதி சில்லறை எண்ண முன்னைவிட நேரமாகும், ஒரே நேரத்துல ரெண்டு வேலைய கையில எடுத்தா எது எங்க நின்னுச்சுன்னு கொழம்பும், நாம வயசாயிடுச்சுன்னு விட்டுடுவோம்.

இதுல வயசுதான் முக்கியம் அண்ணா. 2024ல லான்செட்ங்கற மருத்துவ இதழோட குழு, டிமென்ஷியாவுக்கு, அதாவது மறதி நோய்க்கு, நாம மாத்தக்கூடிய 14 ஆபத்துக் காரணங்கள வெளியிட்டாங்க, புதுசா சேர்த்த ரெண்டுல ஒண்ணு நடுவயசுல எல்டிஎல் அதிகமா இருக்கறது. நடுவயசு, கவனிங்க, உங்க வயசு. அந்த மறதி நோய் ஆரம்பிச்ச பெரியவங்களுக்கு எடையும் கொலஸ்ட்ராலும் தானாவே கொறைய ஆரம்பிக்கும், அதப் பாத்துட்டு கொலஸ்ட்ரால் கொறைஞ்சதாலதான் மறதி வந்துச்சுன்னு தலைகீழா புரிஞ்சுக்கறவங்க நெறைய பேர்.

மாத்திரைய பத்தின உங்க பயம் ஆதாரமே இல்லாததுன்னு சொல்ல மாட்டேன். ஸ்டாட்டின், அதான் நீங்க நிறுத்தின கொலஸ்ட்ரால் மாத்திரை வகை, சாப்பிட்ட சிலருக்கு மறதி வந்து, நிறுத்தினதும் சரியாச்சுன்னு 2012ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே லேபிள்ல எழுதச் சொன்னாங்க. ஆனா ப்ராஸ்பர்னு ஒரு ட்ரயல்ல 70 வயசு தாண்டின 5,804 பேர்ல பாதி பேருக்கு ஸ்டாட்டின், பாதி பேருக்கு வெத்து மாத்திரை குடுத்து மூணு வருஷத்துக்கு மேல பாத்தாங்க, ஞாபகசக்தி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. மாத்திரை கெடுக்கவும் இல்ல, அந்த வயசுல ஆரம்பிச்சு காப்பாத்தவும் இல்ல. அதனாலதான் இப்பவே பாருங்கன்னு கெஞ்சறேன்.

சாப்பாட்டுல முட்டை மஞ்சள்கருவ மட்டும் ஒதுக்கி வச்சுட்டு நிம்மதியா இருக்காதீங்க. நாம சாப்பிடற கொலஸ்ட்ரால விட வெண்ணெய், கிரீம், பேக்கரி ஐட்டம், டால்டா மாதிரி கெட்டிக் கொழுப்புதான் நெறைய பேருக்கு எல்டிஎல்ல ஏத்துது, கல்லீரல் ரத்தத்துல இருந்து எல்டிஎல்ல இழுத்துக்கற வேலைய அது மந்தமாக்கிடும்.

இந்த வாரமே டாக்டர்கிட்ட போங்க. மாத்திரைய நிறுத்தினத மறைக்காம சொல்லுங்க, நிஜமாவே மறதி இருந்தா அதையும் சொல்லுங்க, டோஸ மாத்தலாம், வேற மருந்து குடுக்கலாம், பி12, தைராய்டு ரெண்டையும் பாக்கச் சொல்லி கேளுங்க, அதுல குறை இருந்தாலும் மறதி வரும். அண்ணிகிட்டயும் பேசிட்டேன், அவங்க கூட வர்றேன்னு சொல்லியிருக்காங்க. புது ரிப்போர்ட் வந்ததும் எல்லா பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க.

உங்க தங்கச்சி