என் மடியிலேயே தூங்க வையுங்கள்

மதிப்புக்குரிய மயக்கவியல் துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகனுக்கு நாலரை வயது, இரண்டு கண்ணிலும் புரை. போன மாதம் உங்கள் மருத்துவமனையில் வலது கண் அறுவை முடிந்தது. வருகிற புதன்கிழமை இடது கண்.

அன்று தியேட்டர் வாசலில் அவனை என் இடுப்பிலிருந்து இழுத்தபோது, என் தாலிக்கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சிஸ்டர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார். கதவு மூடிய பிறகும் "சமத்தா இருக்கேன்மா" என்று அவன் கத்தியது கேட்டது. மயக்கம் தெளிந்ததும் கை காலை உதறி, கண்மேல் ஒட்டியிருந்த மூடியைப் பிய்க்கப் பார்த்தான். இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

உள்ளே கொண்டுபோகும் முன் பயம் தெளிய மருந்து கொடுக்கக் கூடாதா என்று அன்றே கேட்டேன். "அதுக்கெல்லாம் நேரமில்லம்மா" என்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் குழந்தை மருத்துவரிடம் உட்கார்ந்து விவரமாகக் கேட்டேன். பயத்தைத் தணிக்க வாய்வழி கொடுக்கும் மிடசோலம் என்ற மருந்து 20, 30 நிமிடத்தில் வேலை செய்யுமாம். ஆனால் கசப்பு. காய்ச்சல் சிரப்பையே துப்புகிறவன் இவன். சில பிள்ளைகள் அதில் அடங்காமல் இன்னும் முரண்டு பிடிப்பார்களாம். அதே வேலைக்கு மூக்கில் விடும் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்து எரியாது, தெளியும்போது வரும் ரகளையையும் குறைக்கும். ஆனால் 30 முதல் 45 நிமிடம் பிடிக்கும், நாடித்துடிப்பு குறையலாம். என் மனசுக்கு மூக்கு மருந்துதான் சரியென்று படுகிறது. அவன் உடம்புக்கு எது சரி என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். எதுவும் கொடுக்காமல் பிடுங்கிக்கொண்டு போவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரவு 10 மணிக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்றார்கள். அவன் முறை வந்தது மறுநாள் பதினொன்றரைக்கு. உதடு காய்ந்து, பக்கத்துக் கட்டில்காரரின் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெறும் தண்ணீர் மயக்கம் கொடுப்பதற்கு 2 மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம் என்பது உங்கள் துறை வகுத்த விதிதானே, ஐயா? குழந்தைகளை முதலில் கூப்பிடுவதில் என்ன சிரமம்? பதில் சொல்லக்கூட ஆள் இல்லை.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை காலை 6 மணிக்கே வந்துவிடுகிறோம். அவன் முறைக்கு முக்கால் மணி நேரம் முன்னால், வார்டிலேயே, விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டி, பக்கத்தில் ஒரு சிஸ்டரை நிறுத்தி, என் மடியில் வைத்து அந்த மருந்தைக் கொடுங்கள். கண் சொக்கியதும் நானே உங்கள் கையில் தருகிறேன். தயவுசெய்து.

இப்படிக்கு,
ஒரு தாய்