முதலில் கேட்கட்டும், பிறகு பேசவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இரண்டாம் மொழி கற்பிப்பவள் நான். முதல் நாளே இலக்கணப் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. புரிகிற மொழியை, கொஞ்சம் மட்டும் புதிதாக இருக்கிற மொழியை, நிறையக் கேட்கவும் படிக்கவும் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷென் 1980-களில் வலியுறுத்தினார், அதில் பெரும்பகுதி சரி என்றே நினைக்கிறேன். தொடக்கத்தில் சிலர் வாயே திறக்க மாட்டார்கள், பரவாயில்லை, காத்திருங்கள். ஆனால் கேட்டால் மட்டும் போதாது. கனடாவில் ஆங்கிலம் பேசும் வீடுகளிலிருந்து வந்து பாடங்களையே பிரெஞ்சில் படித்த பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டாலும் பேச்சிலும் எழுத்திலும் பின்தங்கியதை அந்நாட்டு மொழியியலாளர் மெரில் ஸ்வெயின் 1985-இல் எடுத்துக்காட்டினார். சொல்ல முயலும்போதுதான் தனக்கு எது வரவில்லை என்பதே ஒருவருக்குத் தெரிகிறது. அதனால் பேசவிடுங்கள். நடுவில் மறித்துத் திருத்தாதீர்கள், முடித்த பிறகு ஒன்றிரண்டு பிழைகளைச் சொன்னால் போதும், மற்றவை இன்னொரு நாள். அப்புறம், தாய்மொழியில் ஒரு வரி சொன்னால் குழப்பம் தீரும் என்றால் தயங்காமல் சொல்லுங்கள். வகுப்பில் தாய்மொழி பேசினால் தண்டனை என்கிற வழக்கம் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறதே தவிர எதையும் கற்றுத்தருவதில்லை. அதைப் பள்ளி நிர்வாகங்கள் உடனே கைவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மொழி ஆசிரியை